தோற்றவருக்குப் பொற்கிழி

2023 நவம்பர் 11. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று துவைத்துக் காயப்போட்டது. மறுநாள் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்குச் சீட்டுக் கிழிந்தது. போகும்போது அவருக்குப் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் டாலர். நம் கணக்கில் 600 கோடி ரூபாய்க்கு மேல். இது வேலை செய்ததற்குக் கூலி இல்லை. இனிமேல் வேலை செய்யாமல் இருப்பதற்குக் கூலி.

அறுபது நாளுக்குள் 1 கோடியே 92 லட்சம் டாலர். பிறகு 2031 வரை ஆண்டுதோறும் 72 லட்சம். இடையில் அவர் வேறெங்காவது வேலைக்குச் சேர்ந்தால் அதில் ஒரு காசாவது கழிப்பார்களா? மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியது ஃபிஷரின் மாமனார் அல்ல. பல்கலைக்கழகம்.

இது நாம் மாலையில் மைதானத்தில் உதைக்கும் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்க்க ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். பிக் டென் என்ற ஒரு கூட்டமைப்பு மட்டும் 2022ல் 700 கோடி டாலருக்கு ஒளிபரப்பு உரிமையை விற்றது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல, நீதிபதி அல்ல, அரசு மருத்துவமனையின் இதய நிபுணரும் அல்ல. யாரோ ஒரு கோச்.

ஆண்டு முடிவில் அங்கே ஒரு சடங்கு நடக்கும். புதிதாக வந்த கோச்சுகளுக்கு மதிப்பெண் போடும் சடங்கு. முதல் சீசன் எப்படி, இரண்டாவது சீசன் எப்படி, ஆள் தேறுவாரா, தேறமாட்டாரா. தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர் மதிப்பெண் போடுகிறார். அரங்கில் குளிரூட்டிய தனி அறை வாங்கிய பணக்காரர் போடுகிறார். முடிவெட்டிக்கொள்ளக் காத்திருப்பவரும் போடுகிறார். போடட்டும். அவர்கள் போடும் மதிப்பெண்ணுக்குக் காசோலை இல்லை. பல்கலைக்கழகம் போடும் மதிப்பெண்ணுக்கு உண்டு. கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

பழைய கதையிலிருந்து வருவோம். 2005ல் நோட்ரடேம் பல்கலைக்கழகம் சார்லி வைஸ் என்பவரைக் கொண்டுவந்தது. ஏழு ஆட்டம் முடிந்தது. ஐந்தில் வெற்றி, இரண்டில் தோல்வி. இரண்டாவது தோல்வி பெரிய அணியிடம் நூலிழையில் நேர்ந்தது. 'ஆகா, என்ன அழகாகத் தோற்றார்' என்று நிர்வாகம் உருகிவிட்டது. சீசன் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. பத்து ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டியது. மூன்றாவது சீசனில் வைஸ் 3-9, அதாவது மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. 2009ல் அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய பிறகும் 2015 வரை தவணை தவணையாகச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது.

அத்தோடு நின்றதா? அதே வைஸைக் கான்சஸ் பல்கலைக்கழகம் 2012 சீசனுக்கு வேலைக்கு வைத்தது. ஆறு வெற்றி, இருபத்திரண்டு தோல்வி. 2014ல் அதுவும் அனுப்பியது. அதுவும் மீதிப் பணத்தைக் கட்டியது. ஆக ஒரு காலகட்டத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே மனிதருக்கு, தங்கள் அணிப் பக்கம் வராமல் இருப்பதற்காகச் சம்பளம் தந்தன. இரண்டிலும் பொருளாதாரத் துறை இருக்கிறது.

பாடம் கற்றார்களா? 2021 நவம்பரில் மிஷிகன் ஸ்டேட் என்ன செய்தது என்று பாருங்கள். மெல் டக்கர் அங்கே இரண்டாவது சீசனில் இருந்தார். முதல் சீசன் 2-5. இரண்டாவது சீசன் அமோகம். நவம்பர் 20ஆம் தேதி ஒஹாயோ ஸ்டேட்டிடம் 56-7 என்று தோற்றார்கள். அந்த வாரமே அவருக்குப் பத்து ஆண்டு, 9 கோடியே 50 லட்சம் டாலர், முழு உத்தரவாதம். ஏழு புள்ளி எடுத்த மனிதருக்கு ஒன்பதரைக் கோடி. அடுத்த ஆண்டு 5-7. தோற்கிறார் என்பதற்காக அனுப்பியிருந்தால் மீதி முழுவதையும் எண்ணி வைத்திருக்க வேண்டும். 2023ல் பாலியல் தொந்தரவுப் புகார் எழுந்தது. அவர் மறுத்தார். ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்லி நிர்வாகம் நீக்கியது. கஜானாவைக் காப்பாற்றியது நிர்வாகத்தின் புத்தி அல்ல. ஒரு அவக்கேடு.

நெப்ராஸ்கா இன்னும் ஒரு படி மேல். ஸ்காட் ஃப்ராஸ்ட் உள்ளூர்ப் பையன். முதல் சீசன் 4-8. இரண்டாவது சீசன் நடுவில் 4-5 என்று தள்ளாடிக்கொண்டிருந்தபோது ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். எதற்கு? நம்பிக்கையாம். 2022 செப்டம்பர் 10ல் சொந்த ஊரில் ஜார்ஜியா சதர்னிடம் தோற்றார். மறுநாளே நீக்கினார்கள். அக்டோபர் 1ஆம் தேதி வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து நேர்பாதியாக, 75 லட்சமாக, இறங்கியிருக்கும். இருபது நாள். ஐந்து ஆண்டு பொறுத்தவர்களுக்கு இருபது நாள் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் கோபத்தின் விலை மூன்றே முக்கால் லட்சம் டாலர். 

ஃபிஷர் கதையிலும் இதே நாடகம்தான். 2017 டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். பத்து ஆண்டு, ஏழரைக் கோடி டாலர். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழுமத்தின் வேந்தர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு பலகை பரிசளித்தார். தேசிய சாம்பியன் என்று பொறித்த பலகை. ஆண்டு மட்டும் முழுதாக இல்லை. '20' என்று போட்டு, மீதி இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் கடைசியாக தேசிய பட்டம் வென்றது 1939ல். பெண் பார்க்கும் முன்பே பேரனுக்கு அரைஞாண் வாங்கியது போல.

2020ல் 9-1. உடனே தலைகால் புரியவில்லை. 2021ல் சம்பளத்தை 90 லட்சத்துக்கு மேலாக்கி 2031 வரை நீட்டினார்கள். மறு ஆண்டே, 2022ல், 15 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணியிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று அடி வாங்கினார்கள். அந்த சீசன் 5-7. பலகையில் அந்த இரண்டு இலக்கம் இன்னமும் காலி. கஜானாவிலும் கொஞ்சம் இடம் காலியானது.

இதில் மிசிசிப்பி ஸ்டேட்டின் ராசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் ஆபர்ன் அணி அவர்களை ஜெயித்தது. மறுநாள் ஆபர்ன் கோச் கஸ் மல்ஸான் காலி. 2023ல் ஃபிஷர் ஜெயித்தார், காலி. 2025 அக்டோபரில் ஃப்ளோரிடாவின் பில்லி நேப்பியர் 23-21 என்று ஜெயித்தார். மறுநாள் அவரும் காலி, ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் டாலரோடு. வேலையை விட்டுப் பணத்தோடு கிளம்ப நினைக்கும் கோச் செய்ய வேண்டியது ஒன்றுதான். மிசிசிப்பி ஸ்டேட்டை எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும்.

ஆபர்னை அப்படியே விட்டுவிட முடியாது. மல்ஸானுக்கு 2 கோடியே 14 லட்சம். எட்டு சீசனில் ஒரு முறைகூட வெற்றியைவிடத் தோல்வி கூடாத மனிதர் அவர். ஆண்டைக் கவனியுங்கள், 2020. கொள்ளைநோயில் உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த பிரையன் ஹார்சின் இரண்டாவது சீசனை முடிக்கவில்லை. ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம். அடுத்து ஹ்யூ ஃப்ரீஸ். மூன்றாவது சீசனை முடிக்கவில்லை. இன்னொரு 1 கோடியே 58 லட்சம். ஐந்தே ஆண்டில் மூன்று பேருக்கு 5 கோடி டாலருக்கு மேல். ஹார்சினையும் ஃப்ரீஸையும் தேடிப் பிடித்து, ஆராய்ந்து, 'இவரே சரியான ஆள்' என்று மாலை போட்டவர்கள் யார்? அவர்களுக்கு மதிப்பெண் யார் போடுகிறார்கள்? யாரும் போடுவதில்லை. அதுதான் விஷயம்.

இந்த ஒப்பந்தங்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. நடைமுறை எளிது. ஒரு கோச் நான்கு ஆட்டம் ஜெயிக்கிறார். அவருடைய ஏஜென்ட் காதோடு காதாக ஒரு செய்தியைக் கசிய விடுகிறார்: 'வேறொரு பெரிய இடத்தில் இவர் மேல் கண் வைத்திருக்கிறார்கள்.' விளையாட்டு இயக்குநருக்கு வியர்க்கிறது. கோச் போய்விட்டால் நன்கொடையாளர்கள் தன்னைக் கேட்பார்கள். பத்து ஆண்டு எழுதிக் கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பணம் அவருடையது அல்ல. தண்டமாகத் தரவேண்டிய நாள் வரும்போது அவர் வேறு ஊரில் வேறு நாற்காலியில் இருப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

வேறு ஊர், வேறு நாற்காலி என்றது பேச்சுக்காக அல்ல. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ஃபிஷரை வேலைக்கு எடுத்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்ட். 2019ல் அவர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஃபிஷருக்கு 600 கோடி ரூபாய் கொட்டியபோது அவர் அந்த ஊரிலேயே இல்லை. லூசியானாவில் என்ன செய்தார்? 2019ல் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசிய பட்டம் வென்ற எட் ஓர்ஜெரானை, அடுத்த இரண்டு சீசனுக்குள் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார். அவர் இடத்துக்கு நோட்ரடேமிலிருந்து பிரையன் கெல்லியைக் கொண்டுவந்தார். பத்து ஆண்டு, 9 கோடியே 50 லட்சம். ஃபிஷருக்கு எழுதிய அதே பேனாவாக இருக்க வேண்டும்.

கெல்லி மாசசூசெட்ஸில் பிறந்தவர். லூசியானா வந்திறங்கிய சில நாளில் கூடைப்பந்து அரங்கில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். குடும்பம், பாசம் என்று ஆரம்பித்தவர், பிறந்ததிலிருந்து அந்தச் சதுப்பு நிலத்திலேயே வளர்ந்தவர்போலத் தென்மாநில இழுவையில் இழுத்தார். அமெரிக்காவே சிரித்தது. ஆண்டுக்கு 90 லட்சத்துக்கு மேல் சம்பளம் என்றால் யாருக்கும் உச்சரிப்பு மாறும்.

2025 அக்டோபர் 25. சொந்த மைதானத்தில் 49-25 என்று தோல்வி. அடித்தது யார் தெரியுமா? டெக்சஸ் ஏ அண்ட் எம். மறுநாள் கெல்லி வெளியே. தரவேண்டிய பாக்கி ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர். இப்போது ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பொங்கி எழுந்தார். மக்கள் பணம் என்றார், இனி உட்வர்ட் எந்தக் கோச்சையும் தேர்ந்தெடுக்க மாட்டார் என்றார். நியாயமான கோபம் என்று கைதட்டத் தோன்றும். தட்டும் முன் ஒன்று நினைவிருக்கட்டும். ஓராண்டுக்கு முன் ஒரு ஆட்டத்துக்காக ஃப்ளோரிடாவிலிருந்து உயிருள்ள புலியைக் கூண்டோடு வரவழைத்து மைதானத்தில் நிறுத்த ஏற்பாடு செய்தவர் இதே ஆளுநர். அன்றும் லூசியானா தோற்றது. புலிக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

நான்கே நாளில் உட்வர்டும் வெளியே. அவரும் வெறுங்கையோடு போகவில்லை. அவருக்கும் ஒரு பெருந்தொகை. இதற்கிடையில் கெல்லி நீதிமன்றத்துக்குப் போனார். தன்னை முறைப்படி நீக்கவே இல்லை என்று பல்கலைக்கழகத் தரப்பு இப்போது சொல்கிறது என்பது அவர் புகார். ஊரே பார்க்க ஆளை அனுப்பிவிட்டு, அனுப்பியது செல்லாது என்று வாதாடிப் பார்க்கும் அளவுக்குப் போனது நிலைமை. கடைசியில் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது.

இதற்குப் பிறகாவது நிதானமாகச் செய்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஒரே மாதத்தில் லேன் கிஃபினைப் பிடித்து வந்தார்கள். ஏழு ஆண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலர். கெல்லிக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஆளுநரின் கோபம் ஆறிவிட்டது போலும்.

'இது வரிப்பணம் இல்லையே, படிப்புக்கான பணம் இல்லையே' என்பது எல்லாப் பல்கலைக்கழகங்களும் மனப்பாடமாகச் சொல்லும் பதில். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. விளையாட்டு வருமானமும் நன்கொடையும்தான் செலவாகிறதாம். சரி. அந்த நன்கொடை எந்தக் கணக்கில் வருகிறது? அறக்கொடை என்ற கணக்கில். அதற்கு வருமான வரிச் சலுகை உண்டு. ஒருவர் கட்டாத வரியை இன்னொருவர் கட்டித்தான் சாலை போட வேண்டும். வேலையில்லாத ஒரு கோடீஸ்வரருக்கு உதவுவதும் அறத்தில் சேர்த்தி என்று சட்டம் சொல்லும்போது நாம் யார் குறுக்கே நிற்க?

இந்த வேறு கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் லூசியானாவுக்கே போகலாம். 2019ல் அங்கே கால்பந்து வீரர்களுக்காக 2 கோடியே 80 லட்சம் டாலரில் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. உடைமாற்றும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் விமானத்தின் முதல் வகுப்பு இருக்கை மாதிரி ஒரு கூடு. நீட்டினால் படுக்கை. அதே வளாகத்தில் நூலகத்தின் நிலத்தடித் தளம் ஒழுகிக்கொண்டிருந்தது. மாணவர்கள் இரண்டையும் படம் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். பதில் என்ன வந்தது? அது நன்கொடைப் பணம். வேறு கணக்கு. மழை மட்டும் இந்த இரண்டு கணக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பெய்தது.

பென்சில்வேனியாவில் இன்னும் கொடுமை. 2025 மே மாதம் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ஏழு கிளை வளாகங்களை மூட முடிவெடுத்தது. சின்ன ஊர்கள். வீட்டிலிருந்தே போய்ப் படிக்கும் பிள்ளைகள். மாணவர் எண்ணிக்கை குறைகிறது, கட்டுப்படியாகவில்லை என்றார்கள். மூடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் மிச்சமாம். ஐந்து மாதம் போனது. முந்தைய சீசனில் தேசிய அரையிறுதி வரை அணியைக் கொண்டுபோன ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை, தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதற்காக நீக்கினார்கள். ஒப்பந்தப்படி பாக்கி ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம். ஏழு கல்லூரிகளின் ஓராண்டும் ஒரு கோச்சின் விடைபெறலும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஃப்ராங்க்ளின் சீக்கிரமே வர்ஜீனியா டெக்கில் வேலை தேடிக்கொண்டதால் 90 லட்சத்தில் கணக்குத் தீர்ந்தது. நல்லவேளை. அதே பல்கலைக்கழகம் 70 கோடி டாலர் வரை செலவில் தன் அரங்கைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மாணவர் எண்ணிக்கை ஒரு தடையாக இல்லை.

ஆடியவர்கள் கதைக்கு வருவோம். தொலைக்காட்சிப் பணம் வந்து குவிகிறது. பங்குதாரர் கிடையாது. ஆடும் பையனுக்குச் சம்பளம் தரக்கூடாது என்பது அன்றைய விதி. பணம் எங்கே போகும்? கோச்சுக்கும் கட்டடத்துக்கும் போகும். போனது. 2010ல் ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் ஐந்து பேர் தங்கள் மோதிரத்தையும் சட்டையையும் விற்றார்கள், பச்சை குத்திக்கொண்டார்கள் என்று தலைக்கு ஐந்து ஆட்டம் தடை விழுந்தது. அமெச்சூர் தூய்மை கெட்டுவிட்டதாம். ஆனால் தடை உடனே வரவில்லை. முதலில் சீசன் முடிவில் வரும் சுகர் பவுல் ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகட்டும், அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரிய ஆட்டம், டிக்கெட் விற்றாயிற்று. தூய்மைக்கும் ஒரு நேரம் காலம் உண்டு.

2025ல்தான், நீதிமன்றம் வரை போன பிறகு, மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் வழி திறந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளின் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து முதல் ஆண்டில் தரக்கூடிய உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். இதற்கே 'எங்கள் கதி என்ன ஆவது' என்று நிர்வாகிகள் வாஷிங்டனுக்கு ஓடி மனுக் கொடுக்கிறார்கள். கெல்லி ஒருவருக்கு, வீட்டில் இருப்பதற்காக எழுதிக் கொடுத்தது அந்த வரம்பைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். அதற்கு யாரும் வாஷிங்டன் போகவில்லை.

சரி, முதல் இரண்டு சீசனை வைத்து ஆளை எடை போடத்தான் முடியுமா? நிக் சேபன் அலபாமாவில் முதல் சீசனில் 7-6. லூசியானா மன்றோ என்ற சின்ன அணியிடம் சொந்த ஊரில் தோற்றார். பிறகு அங்கே ஆறு தேசிய பட்டம். ஃப்ராங்க் பீமர் வர்ஜீனியா டெக்கில் முதல் ஆறு சீசனில் 24 வெற்றி, 40 தோல்வி. இன்றைய கணக்கில் மூன்று முறை நீக்கியிருப்பார்கள். அன்று நீக்கவில்லை. அதன்பின் தொடர்ந்து 23 ஆண்டு அவருடைய அணி, சீசன் முடிவில் தேறிய அணிகளை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டங்களுக்குப் போனது. அவருக்குப் பிறகு வந்த ஜஸ்டின் ஃபியூன்டே முதல் சீசனிலேயே 10-4. கூட்டமைப்பின் சிறந்த பயிற்சியாளர் பட்டமும் கிடைத்தது. ஆறாவது சீசன் முடியுமுன் அவரும் வெளியே. முதல் சீசன் எதையும் சொல்வதில்லை என்பதுதான் முதல் சீசன் சொல்லும் ஒரே பாடம்.

2024ல் இந்தியானாவில் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டிலேயே 11 ஆட்டம் ஜெயித்தார். அதுவரை தோல்விக்கே பெயர்போன அணி அது. உடனே மற்ற ஊர் நன்கொடையாளர்கள் எல்லோரும் தங்கள் கோச்சைப் பார்த்து 'நீ ஏன் இப்படி இல்லை?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு லாட்டரி விழுந்தால் மற்றவர் தன் சீட்டுக் கடைக்காரரை அடிக்கப் போகும் ஊர் அது.

ஆகவே கோச்சுகளை விடுங்கள். பத்துப் பேர் வருவார்கள், எட்டுப் பேர் தோற்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதி அணிகள் தோற்றுத்தான் ஆக வேண்டும். அது இந்த ஆட்டத்தின் இயற்கை. தோற்பதற்குப் பரிசு எழுதி வைப்பது இயற்கை அல்ல. அதற்கு ஒரு பேனா வேண்டும், ஒரு கையெழுத்து வேண்டும், பக்கத்தில் தலையாட்ட ஒரு நிர்வாகக் குழு வேண்டும். மதிப்பெண் பட்டியல் போடுவதென்றால் அந்தக் கையெழுத்துக்குப் போடுவோம்.

திருத்த வழி இல்லாமல் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: கோச்சைக் காலத்துக்கு முன் நீக்கினால், தரவேண்டிய தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு, கையெழுத்திட்ட விளையாட்டு இயக்குநர், பல்கலைக்கழகத் தலைவர், நிர்வாகக் குழு உறுப்பினர்களின் சொந்தச் சட்டைப்பையிலிருந்து போகும். அந்த வரி வந்த மறுநாளே பாருங்கள். அமெரிக்காவின் எல்லாக் கோச்சுகளும் ஒரே இரவில் 'இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பார்க்க வேண்டியவர்கள்' ஆகிவிடுவார்கள். பத்து ஆண்டு ஒப்பந்தம் இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிடும்.